ஐம்பத்து நான்கு சீட்டுக்கு ஒரு குரல்

சான் இசித்ரோ தெல் பல்மார்,
வெராக்ரூஸ்.
19 மார்ச் 2023

ஒஸ்வால்தோ,

உன் நலம் கேட்டு இதை எழுதவில்லை. குவாதலஹாராவில் கண்ணாடிக் கட்டடத்தில் உனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா ரெமேதியோஸ் சொன்னாள். அப்படிப்பட்டவன் நலமாகத்தான் இருப்பான்.

போனில் பேசலாமே என்று கேட்காதே. இனி எந்தப் போனிலும் என் வாயைத் திறப்பதாக இல்லை. பேருந்து நிலையத்துப் பார்சல் ஜன்னலில் இதைக் கொடுக்கிறேன், மூன்று நாளில் வந்துவிடும். பதில் சொல்ல முகம் இருந்தால் நீயும் அப்படியே அனுப்பு. மூன்றாம் வகுப்புவரை படித்தவள் எழுத்து இது. மெதுவாகப் படி.

செவ்வாய்க்கிழமை திருவிழாக் கமிட்டிக்குப் போனேன். நாற்பத்தோரு வருடமாக, மே பதினைந்து சான் இசித்ரோ திருவிழாவில், கோயில் சுவரை ஒட்டின இடம் என்னுடையது. நான்கு பெஞ்சு, ஒரு தார்ப்பாய், ஒரு டப்பா மக்காச்சோளம், என் தொண்டை. நான் சீட்டை எடுத்துப் பாட்டுக் கட்டிக் கூவினால், ஜனம் அட்டையில் சோளம் வைத்து லொத்தெரியா ஆடும். வழக்கம்போல இடத்துக்குப் பெயர் எழுதப் போனால், மருந்துக்கடை ஃபுல்ஹென்சியோ மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறான். அவன் கண்ணாடியைத் துடைத்தால் பொய் வரப்போகிறது என்று அர்த்தம். 1994இல் என் மருந்துச் சீட்டைத் தொலைத்தபோதும் துடைத்தான்.

"எர்மெலிண்டா அம்மா, நீங்க எதுக்கு வெயில்ல கஷ்டப்படணும்? இந்த வருஷம் பெரிய திரை வைக்கிறோம். கம்பெனிக்காரங்க சும்மா தர்றாங்க. உங்க குரலேதான் வருது. வீட்டுல உக்காந்து கேளுங்க."

"நான் செத்துட்டேனாடா, படத்தை மாட்டி மெழுகுவத்தி ஏத்த?"

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க. பெருமைதானே?" என்று தன் போனை எடுத்துப் போட்டுக் காட்டினான்.

என் குரல்தான். 2017 ஆகஸ்டில் என் சமையலறையில் மூன்று நாள் நீ பிடித்த குரல். சுவரெல்லாம் மெத்தையைத் தொங்கவிட்டாய். இரைச்சல் வருகிறது என்று குளிர்பெட்டி ஒயரைப் பிடுங்கிப் போட்டாய், இரண்டு கிலோ இறால் நாறிப்போனது. வாய் திறந்தேனா? ஐம்பத்து நான்கு சீட்டுக்கும் என் பாட்டைக் கொடுத்தேன். "ஊரையெல்லாம் எழுப்புவான், தன் வீட்டில் மட்டும் தூங்குவான் - சேவல்!" என்று நான் கூவினதும் நீ மேசைக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கடைசியில் ஒரு காகிதம் நீட்டினாய். "இது சும்மா போன்காரங்களுக்கு, ஞானம்மா" என்றாய். ஞானஸ்நானத் தொட்டியில் உன்னை ஏந்தி நின்றவள் நான். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

ஃபுல்ஹென்சியோ போனில் அந்தச் சேவல் வந்தது. என்ன சொன்னது தெரியுமா? "காலையில் எழுப்பும் நல்ல சேவல்!" அந்தப் பாட்டை நான் எப்போதடா சொன்னேன்? என் வேறு வேறு பாட்டிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். என் வாயில் வேறு ஒருத்தியின் நாக்கு.

யாரிடம் கொடுத்தாய்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? கொரோனா வருடம் முழுக்க மெக்சிகோவே உன் ஆப்பில்தான் லொத்தெரியா ஆடியது, நல்ல காசு பார்த்தாய், வேலையைக்கூட விட்டாய். அது போதாதா? திருவிழாவுக்குள் என் குரலை எடுத்துக்கொண்டு போகச் சொல். எனக்கு அந்த இடம் வேண்டும்.

எர்மெலிண்டா கோபோஸ்

(நீ வாங்கித் தந்த புதிய குளிர்பெட்டி முற்றத்தில் நிற்கிறது. கோழி அதில் முட்டையிடுகிறது.)


குவாதலஹாரா
27 மார்ச் 2023

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரிக்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் பிரித்தேன். திட்டு இருக்கும் என்று உறையைத் தொட்டதுமே தெரிந்தது.

ஆமாம், போன வருடம் மார்ச்சில் ஆப்பை ஒரு விளையாட்டுக் கம்பெனிக்கு விற்றேன். குரலும் பாட்டும் சேர்த்துத்தான். கூடவே எனக்கும் அங்கே வேலை. உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"நல்ல காசு பார்த்தாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் என்னைக் கேட்பது அதைத்தான்: ஒரு ஆள், ஒரு மேசை, சொந்தமாக ஒரு ஆப், பிழைக்க முடியுமா? முதல் மூன்று வருடம் அந்த ஆப் என் வாடகையில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. நூறு பேர் இறக்கினால் இரண்டு பேர் காசு கொடுப்பார்கள், அதில் ஒருவர் திரும்பக் கேட்பார். கொடுத்த காசில் ஆப் விற்கும் கடை தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். மற்ற தொண்ணூற்றெட்டுப் பேருக்கு விளம்பரம் காட்டினால் சில்லறை வரும். புதிய போன் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று உடையும், அதை நான்தான் சரிசெய்ய வேண்டும். சம்பளமில்லாத வேலைக்காரன் மாதிரி.

கொரோனாவில் எட்டு மாதம் நிஜமாகவே காசு வந்தது. அதைப் பார்த்துத்தான் வேலையை விட்டேன். கதவுகள் திறந்தன, ஜனங்கள் தெருவுக்குப் போய்விட்டார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது எல்லோர் முன்னாலும் பெரிய மனிதன் மாதிரி நின்றேனே, அந்தப் பிக்அப் வண்டி வாடகைக்கு எடுத்தது. இந்தத் தொழிலில் நன்றாகச் சம்பாதிக்கிற ஒருவனை எனக்குத் தெரியும். ஆப் எழுதிப் பணக்காரன் ஆவது எப்படி என்று அவன் வகுப்பு நடத்துகிறான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆப் சாகவில்லை, கொன்றார்கள். 2021 நவம்பரில், குழந்தைகளும் ஆடும்படி கெட்டவார்த்தை இல்லாத பாட்டாகத் திரும்பப் பாடித் தாருங்கள் என்று உங்களைக் கேட்டேன். "என் குடிகாரன் சீட்டுக்கு வெள்ளைச் சட்டை போட மாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். சரியாக மூன்று வாரம் கழித்து, டிசம்பர் பன்னிரண்டு, ஒரே நாளில், நம் ஊரிலிருந்து நூற்று அறுபத்து மூன்று பேர் என் ஆப்புக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். ஐந்துக்கு ஒன்று. அதற்கு மேலே நக்கல் வேறு: "ரொம்ப அழகா இருக்கு, கடவுள் இந்தப் பையனை ஆசீர்வதிக்கட்டும்." ஒரு நட்சத்திரம். "என் கண்ணே பட்டுடும்." ஒரு நட்சத்திரம். அதோடு பட்டியலில் அடியில் போய்விட்டேன். தேடினாலும் யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு வேறு என்ன வழி இருந்தது?

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். ஆனால் ஊரையே திரட்டுவீர்கள் என்று நினைக்கவில்லை.

ஒஸ்வால்தோ


சான் இசித்ரோ தெல் பல்மார்
4 ஏப்ரல் 2023

டேய் கழுதை,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்காவது முறை அடுப்பில் பீன்ஸ் தீய்ந்தது.

திரட்டினேன். ஆமாம், நான்தான் திரட்டினேன். குவாதலூப்பே மாதா திருநாள் பூசை முடிந்து வெளியே வந்த ஒவ்வொருத்தரையும் வாசலில் மறித்தேன். எதற்கு? நவம்பரில் உன்னைத் திட்டினேன், மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் நட்சத்திரம் போடச் சொல்லுங்க, ஞானம்மா, அதுலதான் இந்த ஆப் பிழைக்கும்" என்று ஒருமுறை நீயே சொல்லியிருந்தாய். அதற்குத்தான்.

"எல்லாரும் போனை எடுங்க! நம்ம ரெமேதியோஸ் மகனுக்கு ஆளுக்கு ஒரு நட்சத்திரம்!"

கறிக்கடை நிக்கானோர் கேட்டான்: "அஞ்சு காட்டுதே அம்மா, எத்தனை அமுக்கணும்?"

"ஒண்ணுடா, பேராசை பிடிச்சவனே! அஞ்சு நட்சத்திரத்தை நெத்தியில எங்க ஒட்டுவே?"

எல்லோரும் சிரித்தார்கள், ஒன்றை அமுக்கினார்கள். நீயும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தானே படித்தாய்? நன்றாகப் படித்த பிள்ளைக்கு டீச்சர் என்ன செய்வாள்? எச்சில் தொட்டு நெற்றியில் தங்க நட்சத்திரம் ஒட்டுவாள். எத்தனை? ஒன்று! மூன்று வருடப் படிப்பில் எனக்கு ஒரே ஒருமுறை கிடைத்தது, 1960 ஜூன், கூட்டல் கணக்குக்கு. நான்கு நாள் முகம் கழுவவில்லை. என் அம்மா அடித்துக் கழுவினாள். ஐந்து நட்சத்திரம் ஒட்டின நெற்றியை இந்த ஊரில் எவனும் பார்த்ததில்லை. பத்துக்கு ஒன்று கொடுத்தால் அவமானம், நட்சத்திரத்தில் ஒன்று கொடுத்தால் மரியாதை. அப்படித்தான் எங்களுக்குத் தெரியும்.

போன் இல்லாதவர்கள் பிள்ளைகள் போனில் அமுக்கினார்கள். கால் நடக்காத சோனா கிழவி வீட்டுக்கு நானே போனேன். அவள்தான் "கண்ணே பட்டுடும்" என்று எழுதச் சொன்னது. அதையா நக்கல் என்கிறாய்? அவள் போன பிப்ரவரியில் செத்துப்போனாள், உனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே.

அந்த நூற்று அறுபத்து மூன்று பேர் பெயரும் எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்லவா?

நான் தப்புச் செய்தேன். அது என் மூளைக்கு எட்டாத காரியம். கழுத்துவரை வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விடா. ஏன் கேட்கவில்லை? பக்கத்து வீட்டு நாய் கடித்தால்கூட வீட்டுக்காரனைக் கேட்போமே. மூன்று மாதம் மனசில் வைத்துக்கொண்டு, போய் என் தொண்டையை விற்றிருக்கிறாய்.

எர்மெலிண்டா


குவாதலஹாரா
13 ஏப்ரல் 2023

அன்புள்ள ஞானம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை. நெற்றி நட்சத்திரம் எனக்கும் ஒட்டியிருக்கிறார்கள், இருந்தும் தோன்றவில்லை. ஊரைவிட்டு வந்து நாளாகிவிட்டது. மன்னியுங்கள்.

திங்கட்கிழமை கம்பெனியில் பேசினேன். மேலாளர் பெண் நல்லவள்தான், சிரித்துக்கொண்டே காகிதத்தை எடுத்து வைத்தாள். நீங்கள் போட்ட கையெழுத்து, அந்த வாலைச் சுழித்து முடிப்பீர்களே, அது. "குரல், பாட்டு, அதிலிருந்து செய்யப்படும் எதுவும்" என்று அதில் இருக்கிறது. அந்த வரியை எழுதினவன் நான்தான். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து, அர்த்தம் யோசிக்காமல் எழுதினேன். திருவிழாத் திரை வெறும் விளம்பரத்துக்காம். "அந்தம்மாவையும் வந்து திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்களேன், அழகாக இருக்கும்" என்றாள்.

கமிட்டிக்கு நானே எழுதுகிறேன். உங்களுக்கு வேறு இடமாவது தரச் சொல்கிறேன். நடந்தது ஒரு குழப்பம், ஞானம்மா. இரண்டு பக்கமும் தெரியாமல் நடந்தது. அப்படி எடுத்துக்கொள்ள முடியாதா?

ஒஸ்வால்தோ


சான் இசித்ரோ தெல் பல்மார்
21 ஏப்ரல் 2023

ஒஸ்வால்தோ,

உன் சிபாரிசுக் கடிதம் கமிட்டிக்கு வந்ததாம். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு இடம் தருகிறார்களாம். அதைப் பிறகு பேசுவோம்.

இரண்டு பக்கமும் தெரியாமல் நடந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் கொஞ்சம் மனசு இளகியது, பொய் சொல்ல மாட்டேன். உனக்கு அனுப்ப வாழையிலையில் இனிப்புத் தமால் அவிக்கலாம் என்று மாவை எடுத்தேன். மாவில் கை வைத்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

2021 டிசம்பர் பன்னிரண்டு சாயங்காலம், பூசை முடிந்து உன் அம்மா என் சமையலறையில்தான் இருந்தாள். நான் மாவு பிசைந்தேன், அவள் வாழையிலை துடைத்தாள். தலையில் பச்சை ரிப்பன் வைத்துப் பின்னியிருந்தாள். உனக்குப் போன் போட்டாள். அவள் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது:

"மகனே, இன்னிக்கு ஊரே உனக்கு நட்சத்திரம் ஒட்டுச்சுடா! ஆமா, ஆளுக்கு ஒண்ணு, நெத்தியில ஒட்டுற மாதிரி! உன் ஞானம்மா வாசல்ல நின்னு ஒருத்தரையும் விடல!"

நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. உன் அம்மா மட்டும் "என்னடா சத்தமே காணோம்?" என்றாள்.

நேற்று ரெமேதியோஸிடம் போய்க் கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. அழுதாள். அவளை நான் எதுவும் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்திருந்ததா? ஒரு வார்த்தையில் எழுது. பெரிய கடிதம் எழுதினால் கிழித்துப்போடுவேன்.

எ.


குவாதலஹாரா
30 ஏப்ரல் 2023

ஞானம்மா,

ஆமாம்.

கிழித்தாலும் சரி, மீதியையும் எழுதிவிடுகிறேன். அம்மா போன் செய்தபோது எல்லாம் புரிந்துவிட்டது. நான் திரும்பக் கூப்பிட்டு "ஐந்து அமுக்கச் சொல்லுங்கள்" என்றிருந்தால் போதும். உங்களுக்காக அந்த நூற்று அறுபத்து மூன்று பேரும் அடுத்த ஞாயிறு மறுபடி வாசலில் நின்றிருப்பார்கள். ஒரே வாரத்தில் சரியாகியிருக்கும்.

கூப்பிடவில்லை. கம்பெனி நவம்பரிலேயே ஆப்பை விலைக்குக் கேட்டுவிட்டது. சுத்தமான பாட்டு வேண்டும் என்று உங்களிடம் வந்ததே அவர்களுக்காகத்தான். மாதாமாதம் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, இனி எந்தப் போனையும் தனியாகச் சரிசெய்ய வேண்டாம். எனக்கு அது வேண்டியிருந்தது, ஆனால் உங்களிடம் வந்து கேட்கத் தைரியம் வரவில்லை. நட்சத்திரம் வந்தபோது நிம்மதியாக இருந்தது. நீங்கள்தான் கொன்றீர்கள் என்று வைத்துக்கொண்டால் கேட்க வேண்டியதில்லை அல்லவா? சொல்லிச் சொல்லிப் பாதி நாள் நானே அதை நம்பினேன். போன மாதம் உங்களுக்கு எழுதும்போதுகூட.

விற்றபிறகு அந்தச் சேவல் பாட்டை வெட்டி ஒட்டும் வேலை என் மேசைக்குத்தான் வந்தது. உங்கள் குரல் எனக்குத்தான் பழக்கம் என்றார்கள்.

திருவிழாவுக்கு வரலாமா?

ஒஸ்வால்தோ


சான் இசித்ரோ தெல் பல்மார்
17 மே 2023

ஒஸ்வால்தோ,

நீ வரவில்லை. வரலாமா என்று கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாயாக்கும். விற்பதற்குக் கேட்காதவன் வருவதற்குக் கேட்கிறான்.

கோயில் சுவருக்குப் பக்கத்தில் திரை வைத்தார்கள். முந்தின நாளே போய், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்கக் கேட்டேன். நீ வெட்டின வெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, தையல் தெரியவில்லை. என் பக்கத்தில் ஒரு பெண், வெளியூர்க்காரி, "இந்தம்மா குரல் எவ்வளவு இனிமை" என்றாள். "செத்துட்டா, பாவம்" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாட்டுத் தொழுவத்துப் பின்னால் இடம் வாங்கிக்கொண்டேன். நான்கு பெஞ்சையும் நிக்கானோர்தான் தூக்கி வந்தான். சாணி நாற்றம், ஈ, வெளிச்சத்துக்கு ஒரே பல்பு. நுழையும் இடத்தில் ஒரு தகர வாளி வைத்தேன். ஆட வருகிறவர்கள் போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஃபுல்ஹென்சியோ ஓடி வந்தான்.

"இது என்ன புதுச் சட்டம்? போன் இல்லாம யாரும்மா உக்காருவாங்க? அங்க திரை முன்னாடி இருநூறு பேரு!"

"அப்ப நீ அங்க போய் இருநூத்தி ஒண்ணா இரு. இல்ல, போனைப் போட்டுட்டு உக்காரு. அட்டை உனக்கும் அதே விலைதான்."

முதல் ஆட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். பெயர் சொல்கிறேன்: நிக்கானோர், அவன் மனைவி, சோனாவின் இரண்டு மகள்கள், மீன்காரன் எவாரிஸ்தோவும் அவன் தம்பியும், பேக்கரிப் பெண்கள் மூன்று பேர், பள்ளிக்கூட வாட்ச்மேன். பதினொன்றாவது உன் அம்மா. வாளியில் போனைப் போடும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்து முன் பெஞ்சில் உட்காரவைத்தேன். உன் கணக்கை அவளிடம் தீர்க்க மாட்டேன்.

பழைய பாட்டு ஒன்றைக்கூடப் பாடவில்லை. அது எதுவும் இனி என்னுடையது இல்லை என்று நீதான் எழுதினாயே. உன் "ஆமாம்" வந்த நாளிலிருந்து பதினைந்தாம் தேதிவரை உட்கார்ந்து ஐம்பத்து நான்கு சீட்டுக்கும் புதிதாகக் கட்டினேன். எதையும் காகிதத்தில் எழுதவில்லை, எல்லாம் தலையில் இருக்கிறது. எழுபத்தோரு வயதில் இவ்வளவு கெட்டவார்த்தை எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது சீட்டில் எவாரிஸ்தோ பெஞ்சிலிருந்து விழுந்தான். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு அடுத்த ஆட்டத்தில் முப்பது பேர் வந்தார்கள். திரை முன்னால் இருநூறு பேர் கடைசிவரை இருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் ஜெயிக்கவில்லை. எனக்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் வருவதானால் வா. போனை வாளியில் போடு, அட்டைக்குக் காசு கொடு, பின் பெஞ்சில் உட்கார். உன்னை மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அட்டை வாங்குகிற யாரையும் நான் விரட்டினதில்லை.

புதிய சேவல் பாட்டைக் கேட்டு உன் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீ கேட்டிருந்தால் மேசைக்கு அடியில் உருண்டிருப்பாய். அதை இங்கே எழுதிக் காட்டலாம் என்று பேனாவைத் தூக்கினேன்.

கீழே வைத்துவிட்டேன்.

எர்மெலிண்டா கோபோஸ்